அரசர் எங்கே என்று யார் கேட்டார்?

2004 நவம்பரில் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு வெளிவந்தபோது, மனிதர்களின் தலைநகரான ஸ்டோர்ம்விண்டில் அரசர் இல்லை. அரியணை மண்டபத்தில் அண்டுயின் என்ற சிறுவன் நின்றான். அவனுக்காக ஆட்சியைப் பொறுப்பேற்றிருந்த போல்வார் ஃபோர்ட்ராகன் ஒரு பக்கம், கட்ரானா பிரெஸ்டர் என்ற சீமாட்டி மறுபக்கம். சிறுவனின் அப்பா வாரியன் ரின் எங்கே போனார் என்பதைப் பற்றி அந்த மண்டபத்தில் பேச்சே இல்லை. வெளியே சந்தையில் ரொட்டி விற்பவர் ரொட்டி விற்றார். காவலர்கள் வழி கேட்டவர்களுக்கு வழி சொன்னார்கள். ஒரு நாட்டுக்கு அரசர் இல்லை என்பது தெருவில் நடமாடியவர்களில் அநேகமானவர்களின் வாயிலோ முகத்திலோ தெரியவில்லை.

ஒரேயொரு கதைச்சரடு அதைத் தொட்டது. ஓர் ஆயர், தூதுவர் ஒருவர் காணாமல் போய்விட்டார் என்று இரகசியமாகச் சொல்வார். அங்கிருந்து பாற்கட்டி விற்கும் ஓர் உளவாளி, டஸ்க்வூட் காடு, துறைமுகம், கடலுக்கு அப்பால் தெராமோர் தீவு என்று விளையாடுபவர் அலைய வேண்டும். பாதி வழியில்தான் உண்மை தெரியவரும்: காணாமல் போனது தூதுவர் இல்லை, அரசரே. தெராமோருக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகிற வழியில் கடத்தப்பட்டிருக்கிறார். தீவின் தலைவி ஜெய்னா பிரவுட்மூரிடம் போய்ச் சேர்ந்ததும் சரடு அறுந்துவிடும். அரசர் கிடைக்கமாட்டார். அடுத்த வேலை எதுவும் வராது.

அவருக்கு என்ன நடந்தது என்பதை 2007 இல் தொடங்கிய ஒரு படக்கதைத் தொடர்தான் சொன்னது. சீமாட்டி வேடத்தில் இருந்தது ஒனிக்ஸியா என்ற கறுப்பு டிராகன். அவளுடைய மந்திரத்தால் இரண்டு ஆளாகப் பிளக்கப்பட்ட வாரியன், நினைவு அழிந்து வேறொரு கரையில் ஒதுங்கி, அடிமையாகப் பிடிபட்டுச் சண்டைக்களத்தில் இறக்கப்பட்டிருந்தார். விளையாட்டை மட்டும் விளையாடியவருக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் 2008 இன் கடைசியில் ஒருநாள் உள்ளே நுழைந்து பார்த்தால், அரியணையில் அரசர் இருக்கிறார். அவ்வளவுதான்.

கதையில் ஒருவர் இல்லாமல் போவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அவர் இல்லாததை அந்தக் கதைக்குள் வாழ்கிறவர்கள் உணர்கிறார்களா, ஒருவராவது வாய்திறந்து கேட்கிறாரா என்பதுதான் எனக்கு முக்கியம். கேட்காத கதையை என்னால் நம்ப முடிவதில்லை. இந்தக் கருத்து எனக்கு வன்னியில் வளர்ந்ததால் வந்தது என்றே நினைக்கிறேன். வேறு ஊரில் வளர்ந்திருந்தால் எனக்கும் இது சின்ன விசயமாகப் பட்டிருக்கலாம்.

வாரியன் திரும்பிய அந்தப் புதுப்பிப்பு வந்த 2008 ஒக்டோபரில் நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். எனக்கு அப்போது இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாது. தெரியவந்தது எல்லாம் முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிப் பல காலம் கழித்து. ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்த மச்சான் தன்னுடைய பழைய லப்டொப்பை விட்டுவிட்டுப் போனான். அதற்குள் இந்த விளையாட்டு இருந்தது. 2011 இலிருந்து இருபதாம் நிலை வரைக்கும் காசில்லாமல் விளையாட விட்டிருந்தார்கள். டொங்கிளில் வருகிற நெற்றில், இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான் ஆள் அசையும். அந்த நேரத்தில் கனடாவில் மத்தியானம். மச்சானும் வந்துவிடுவான்.

இருபதாம் நிலைக்காரனுக்குப் போகக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்று ஸ்டோர்ம்விண்டின் வாசலில் இருக்கும் வீரர் பள்ளத்தாக்கு. நகரத்துக்குள் நுழைகிற நீளமான பாலத்தின் ஓரத்தில் பெரிய கற்சிலைகள்: துராலியன், அலேரியா விண்ட்ரன்னர், கட்கார், டனாத், குர்ட்ரான். இருண்ட வாயிலைக் கடந்து வேற்றுலகத்துக்குப் போரிடப் போனவர்கள். வாயில் மூடுண்டது; திரும்பி வரவில்லை. இந்தப் பயணத்தின் கதை 1996 இல் வந்த பழைய வோர்கிராஃப்ட் விளையாட்டில் நடந்தது. சிலைகளின் அடியில் பெயர்ப்பலகை இருக்கிறது. கிட்டப் போனால் வாசிக்கலாம்: பதவி, செய்த பணி, கடைசியில் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்ற குறிப்பு.

எத்தனையோ பேர் அந்தப் பாலத்தில் குதிரையை விரட்டிக்கொண்டு போவார்கள். நான் ஒவ்வொரு பலகையாக வாசித்தேன். கருதப்படுகிறார் என்று யார் கருதினார்? யாரிடம் கேட்டு எழுதினார்கள்? அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்திருந்தால் இந்தப் பலகையை என்ன மனத்தோடு கடந்து போயிருப்பார்கள்?

பிள்ளை இருந்தான். 2007 இல் வேற்றுலகம் திறக்கப்பட்டபோது கட்காரும் டனாத்தும் குர்ட்ரானும் அங்கே உயிரோடு கிடைத்தார்கள். துராலியனும் அலேரியாவும் கிடைக்கவில்லை. அவர்களுடைய மகன் அராட்டோர், ஹொனர் ஹோல்ட் என்ற கோட்டையில் நின்றான். இருபதாம் நிலையோடு அங்கே போக ஏலாது; நான் அவனை முதலில் கண்டது யூடியூப்பில். அவன் பெரிய பாத்திரம் இல்லை. கிட்டப் போய்க் கதைத்தால், அம்மா அப்பாவுக்கு என்ன நடந்தது என்று அறிய வந்தேன் என்பான். பெற்றோரோடு தோளுக்குத் தோள் நின்று போரிட்டவர்கள் அதே கோட்டையில் இருக்கிறார்கள். அவர்களாலும் பதில் சொல்ல முடியவில்லை. 2017 ஓகஸ்டில் ஆர்கஸ் என்ற கோளுக்குக் கதை போனபோதுதான் துராலியனும் அலேரியாவும் திரும்ப வந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் அவன் அந்தக் கோட்டையில் நின்றான். அவனுக்குக் கொடுத்த வரிகள் கொஞ்சம். அந்த வரிகளால்தான் துராலியனும் அலேரியாவும் அத்தனை வருடமும் கதையை விட்டுப் போகாமல் இருந்தார்கள். வாரியனுக்காகக் கேட்க அப்படி ஒருவரை யாரும் எழுதி வைக்கவில்லை. பெற்ற மகன் அண்டுயின் அரியணைக்குப் பக்கத்திலேயே நின்றும், அவன் வாயில் அந்தக் கேள்வியை வைக்கவில்லை.

நான் வேலை செய்வது ஏ9 வீதியில் ஒரு கொமினிக்கேசனில். போட்டோக்கொப்பி, லமினேற், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பும் அதற்குப் பிறகும் எங்கள் கடைக்கு வருகிற தாய்மார் கொண்டுவருவது ஒரே பொருளைத்தான்: ஒரு படம். அடையாள அட்டைக்கு எடுத்தது, பள்ளிக்கூடத்தில் எடுத்தது, ஆரோ ஒருவரின் கலியாண வீட்டில் கூட்டத்தோடு நிற்கிறபோது எடுத்தது. கூட்டத்திலிருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரவேண்டும். வெயிலில் பிடித்துப் பிடித்து நிறம் போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவார்கள்.

"தம்பி, படம் மங்கிப்போச்சு. திருப்பி அடிச்சுத் தாங்கோ. முகம் விளங்கவேணும்."

எங்கள் வீட்டில் யாரும் காணாமல் போகவில்லை. பக்கத்து வீட்டு மாமியின் மகன் போனான். அவனைவிட நான் சின்னப் பெடியன். என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டு போவான். மாமி இன்றைக்கும் அந்தப் போராட்டக் கொட்டகைக்குப் போகிறா. 2010 இல் வந்த ஒரு சட்டம், போர் காரணமாக ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாத ஆளை இறந்தவராகப் பதிவுசெய்ய வழிவிட்டது. அப்படிப் பதிய மாட்டோம் என்று நின்ற குடும்பங்கள் எத்தனையோ. 2016 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் காணாமல் போயிருப்பதை மட்டும் சொல்லும் சான்றிதழைப் பெறவும் இடம் வைத்தார்கள். 2018 இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கியது. இந்தக் கடுதாசிகள் எல்லாவற்றையும் நான் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மாமியின் கோப்பையும்தான்.

விளையாட்டில் காணாமல் போகிறவரை ஒருவர் எழுதுகிறார். அவரே திருப்பியும் எழுதலாம். இங்கே அப்படி இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது மாமிக்குச் செய்கிற அவமரியாதை, அதை நான் செய்யமாட்டேன். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஒருவர் இல்லாமல் போன பிறகு அவரைச் சுற்றி இருப்பவர்கள் எப்படி இருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்பார்கள். ஆண்டுக் கணக்கில் கேட்பார்கள். அதனால்தான் ஒருவரும் கேட்காத ஸ்டோர்ம்விண்ட் எங்கள் கண்ணுக்குப் பொய்யாகத் தெரிகிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது விரிவாக்கம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் புது நிலம், புது எதிரி, புது ஆட்கள். பழைய ஆட்கள் பழைய நிலத்தில் பழைய வரியைச் சொல்லிக்கொண்டு அப்படியே நிற்பார்கள். சில கதைகளை நாவலுக்கும் படக்கதைக்கும் தள்ளிவிடுகிறார்கள். அவற்றைக் கிளிநொச்சியில் எந்தக் கடையில் வாங்குவது? குரல் கொடுப்பவர்களும் போய்விடுவார்கள். ஓர்க் இனத்தின் தலைவன் த்ராலுக்குக் குரல் கொடுத்தவர் கிறிஸ் மெட்சன். இந்த உலகத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அவர் 2016 செப்டெம்பரில், இந்த விளையாட்டைச் செய்யும் பிளிசார்ட் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருடம் வந்த லீஜியன் என்ற விரிவாக்கத்தின் தொடக்கத்தில் தலைகாட்டிய த்ரால் மெல்லக் கதையை விட்டு ஒதுங்கிவிட்டான். அத்தனை பெரிய போரில், தங்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டவன் எங்கே என்று ஓர்க்குகள் தேடி அலைந்ததாக நான் காணவில்லை.

குரல்காரர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் அப்பப்பா முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடியவர். ஒருமுறை ஆட்டக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாராம். அண்ணாவியார் அந்தப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் தூக்கவில்லை. கட்டியகாரனைக் களரிக்குள் விட்டு, இன்னார் இன்ன காரியமாகப் போயிருக்கிறார் என்று சபைக்குச் சொல்ல வைத்தார். அப்பப்பா அதைப் பெருமையாகச் சொல்லுவார். கூத்து பார்க்கிற சனம் விடியவிடியக் குந்தியிருந்து பார்க்கிற சனம். ஆரைக் காணேல்லை என்று உடனே பிடித்துவிடும் என்பார். அந்தக் கூத்தின் உயிரே, போன புருசன் திரும்பவில்லை என்று ஒருத்தி எழும்பிப் போய்க் கேட்கிற இடம்தானே. வற்றாப்பளையில் அவளைத்தானே கும்பிடுகிறோம்.

காலியா மெனெதிலின் விசயம் இன்னும் மோசம். ஆர்தஸ் என்ற இளவரசன் தன் தகப்பனைக் கொன்று நாட்டை அழித்து, பிணப்படையை ஆளும் லிச் அரசனாக ஆனது இந்த உலகத்தின் மிகப்பெரிய துயரக் கதை. அவனுக்கு ஒரு தமக்கை இருந்தாள். 2008 இல் வந்த முழு விரிவாக்கமும் ஆர்தஸைப் பற்றியது. அவனுடைய குருவின் ஆவியும் பழைய காதலியும் அதில் வந்தார்கள். தமக்கை உயிரோடு இருக்கிறாளா என்பதற்குப் பதில் இல்லை. அவள் முதன்முதலாக விளையாட்டுக்குள் வந்தது 2016 இல், அதுவும் பூசகர் வகுப்பை எடுத்து விளையாடியவர்களின் கதையில்.

என்னை உண்மையாகவே உலுக்கியது டேலியா. வாரியன் இல்லாத காலத்தில் ஆட்சி பார்த்த போல்வார், பிறகு வடக்கே போருக்குப் போய், விருட்சத்தையே கருக்கும் டிராகன் நெருப்பில் அகப்பட்டார். எல்லாரும் இறந்துவிட்டார் என்று நினைத்தார்கள். 2009 டிசம்பரில் திறக்கப்பட்ட பனிமுடிக் கோட்டையில் ஆர்தஸை வீழ்த்திய பிறகு பார்த்தால், கருகிய உடம்போடு போல்வார் உயிரோடு இருக்கிறார். பிணப்படையை அடக்கி வைக்க ஒருவர் வேண்டும் என்று லிச் அரசனின் முடியைத் தானே ஏற்கிறார். நான் செத்துப்போனேன் என்றே உலகத்துக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். விளையாடுகிறவர் இந்த இரகசியத்தோடு வெளியே வருகிறார்.

2018 இல் குல் திராஸ் தீவுக்குக் கதை போகிறது. அங்கே எங்களுக்கு வழிகாட்டியாக வருகிற இளம்பெண் டேலியா ஃபோர்ட்ராகன். போல்வாரின் மகள். சின்ன வயதில் பாதுகாப்புக்காக அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டவள். அப்பா வடக்கே போரில் இறந்துவிட்டார் என்று நம்பி வளர்ந்தவள். அவள் அப்பாவைப் பற்றிக் கதைக்கிறாள். நான் அவளுக்கு முன்னால் நிற்கிறேன். அவர் சாகவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல வழியில்லை. திரையில் இருப்பது வேலையை ஏற்கிற பொத்தானும் மறுக்கிற பொத்தானும்தான்.

அன்றைக்கு அதற்கு மேல் விளையாட என்னால் முடியவில்லை. லப்டொப்பை மூடிவிட்டு முற்றத்தில் இருந்தேன். ஒரு பிள்ளையின் தகப்பனைப் பற்றித் தெரிந்தவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள், அவர்கள் வாய்திறக்கவில்லை என்பதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். கொட்டகைக்குப் போகிற ஒவ்வொருவரும் அதைத்தான் சொல்வார்கள்: ஆருக்கோ தெரியும். வாய்திறக்காத அந்த ஆள் நானாக நிற்கிற இடத்தில் இந்தக் கதை என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. எழுதியவர்கள் அதை அப்படி எண்ணித்தான் செய்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. நல்ல எழுத்து.

நன்றாகச் செய்தவை வேறும் உண்டு. லீஜியனில் ஜெய்னாவும் இல்லைதான். ஆனால் அவள் போவதை நாங்கள் கண்ணால் கண்டோம். தன் நகரத்தை அழித்த எதிரணியான ஹோர்ட்டை, மந்திரவாதிகளின் நகரமான டலரானுக்குள் திரும்ப விடுவதற்கு அந்நகரத்தின் சபை வாக்களித்தது. இதில் நான் இல்லை என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். போனவளை 2018 வரை காணவில்லை. என்றாலும் ஏன் போனாள் என்பது தெரிந்ததால் அந்த இடைவெளி முழுவதும் அவளுடைய கோபம் கதையில் இருந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது, அதே ஸ்டோர்ம்விண்ட் அரியணை இரண்டாவது தரம் வெறுமையானது. தகப்பனுக்குப் பிறகு அரசனான அண்டுயின், ஷடோலாண்ட்ஸ் கதையில் எதிரியின் கைப்பாவையாக ஆக்கப்பட்டு, தன் கையாலேயே தீங்கு செய்ய வைக்கப்பட்டான். மீட்கப்பட்ட பிறகும் ஊருக்குத் திரும்ப அவனுக்கு மனம் வரவில்லை. 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃபிளைட் முழுவதும் அவன் இல்லை. அவனுக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்தவர் யார் தெரியுமா? துராலியன். வாசலில் சிலையாக நின்றவர், மகனுக்குப் பதில் கிடைக்காமல் இருந்தவர், இன்னொருவர் இல்லாத இடத்தைக் காத்துக்கொண்டிருந்தார். 2023 நவம்பரில் காட்டிய முன்னோட்டத்தில் அண்டுயின் பாலைநிலத்தில், பூமியில் குத்தி நிற்கும் பிரமாண்டமான வாளின் அடியில் தனியாக இருக்கிறான். அவனிடம் வந்து சேர்கிறவன் த்ரால். அந்தத் த்ராலும் ஒருகாலம் காணாமல் போயிருந்தவன்; 2019 இல் ஓர்க் கிழவன் சௌர்ஃபாங் வேற்றுலகத்துக்கே போய், தோட்டம் செய்துகொண்டிருந்தவனைக் கண்டு பிடித்தான். தேடிப்போகப்பட்டவன் இப்போது தேடி வருகிறான். முதல் அரசர் இல்லாமல் போனபோது இந்த நகரத்துக்கு இல்லாதது இதுதான்.

மச்சானுக்கு என் கோபம் விளங்குவதில்லை. "கேம்தானேடா. ஆயிரம் பேரை வச்சிருக்கிறாங்கள். ஒவ்வொருத்தனையும் ஒவ்வொரு தரமும் கொண்டுவர ஏலுமே?" என்பான். கொண்டுவரச் சொல்லவில்லை என்று ஒவ்வொரு தரமும் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போன கிழமையும் இரவிரவாக இதில் சண்டை. கடைசியில் அவனே ஒரு பெயரை எடுத்துப் போட்டான்: மெடான்.

வாரியனின் கதையைச் சொன்ன அதே படக்கதைத் தொடரில் வந்தவன் மெடான். கரோனா என்ற உளவுக்காரியின் மகன். அந்த உலகத்தின் புதுக் காவலனாகவே அவனை உயர்த்தினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள், விளையாட்டுக்குள் அவன் வரவேயில்லை. ரசிகர்கள் பலருக்கு அவனைப் பிடிக்காது. எனக்கும் பெரிய பிடிப்பில்லை. அவனை எழுதியதே பிழை என்று பிளிசார்ட் நினைத்திருந்தால் அதையும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் கரோனா இருக்கிறாள். லீஜியனில் கள்வர் வகுப்பின் இரகசிய மண்டபத்தில் அவள் நிற்பாள். என்னுடைய ஆள் அந்த வகுப்புத்தான்; எத்தனையோ தடவை அவளை வேலைக்கு அனுப்பியிருக்கிறேன். உளவு, கொலை, எதிரியின் நடமாட்டம் எல்லாம் கதைப்பாள். மகனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

மெடானைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் எங்கே என்று அவனுடைய தாய்க்குக் கேட்க ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.